வசுமதியின் சேலைக்கு நான் வைத்த பழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடிகை வசுமதியின் சேலை அன்று சாயம் போகவில்லை. சாயம் போனது நான் அவருக்குப் போட்ட ஏலக்காய் மாலை. அது தெரிந்திருந்தும், போனது சேலைதான் என்று ஊர் கூடியிருந்த இடத்தில் பத்திரிகைக்காரரிடம் சொன்னேன். அந்த ஒரு பொய்யால் போடிக்கு மேலே ஒரு சோலை மொட்டையானது.

இதைப் படிக்கிற போடிக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

நான் வரலாற்றில் எம்.ஏ. படித்தவன். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை, கல்யாணம் கிடைத்தது. மாமனாருக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டியிருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கடைத்தெருவில் எனக்கு 'எம்.ஏ. மாப்ளே' என்று பெயர். ஒரு காயைப் பார்த்ததும் இது எந்தத் தோட்டத்துச் சரக்கு, எப்போது காய்ந்தது என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். நான் தலையாட்டுவேன். என்னைப் போலத் தலையாட்ட அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

வசுமதியைப் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கே என் மனைவி சாந்தா சொல்லித்தான் தெரியும். அவர் நடித்த படங்களில் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. (தியேட்டர் இருட்டில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இந்த உண்மையையும் ஊர் நம்புவதில்லை.) சாந்தா அவருடைய எல்லாப் படத்தையும் பார்த்தவள். வசனத்தோடு சொல்லுவாள்.

வசுமதி பிறந்தது போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில். அம்மா காய் பறிக்கிறவர். மகளும் கூடப் போவார். ஒரு தடவை மெட்ராஸிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். கதாநாயகி சரிவில் வெறுங்காலோடு ஓடி வர வேண்டும். வந்த கதாநாயகி புல்லில் அட்டை நெளிவதைப் பார்த்ததும் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். காய் பறித்துக்கொண்டிருந்த வசுமதியைக் கூப்பிட்டு, கதாநாயகியின் சேலையைக் கட்டிவிட்டு ஓடச் சொன்னார்கள். முதுகு மட்டும் தெரிந்தால் போதும் என்றாராம் டைரக்டர். ஓடின பிள்ளை பாதிச் சரிவில் நின்று திரும்பி, "இன்னும் வெரசா ஓடவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது. அந்தத் திரும்பல் படத்தில் அப்படியே இருக்கிறது என்று சாந்தா சொல்லுவாள். அடுத்த படத்தில் முகத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு தோழி, தங்கை, கதாநாயகி, அண்ணி. கடைசியில், தன்னைவிட மூத்த ஒரு நடிகருக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள். "அவரு என்னைவிட மூத்தவரு. வேணும்னா எனக்கு அப்பாவா நடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்தான், திரும்பிப் போகவில்லை. தான் பிறந்த லயத்துக்குப் பக்கத்திலேயே பாழாகக் கிடந்த ஒரு துண்டுத் தோட்டத்தை வாங்கினார். ஏலச்செடி போடவில்லை. காட்டு மரங்களின் விதையைப் பொறுக்கி வந்து நாற்று வளர்த்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார். ஒருமுறை மரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். டிரைவர் இறங்கிக் கும்பிட்டு, "அம்மா, உங்க படமெல்லாம் பாத்திருக்கேன். கொஞ்சம் ஒதுங்குங்க" என்றாராம். "என் படம் பாத்திருந்தா, நான் ஒதுங்க மாட்டேன்னு தெரியுமே அப்பு" என்றாராம் இவர். லாரி திரும்பிப் போனது.

எங்கள் கடைத்தெருவில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான். "மார்க்கெட்டு போச்சு, மரத்தைப் புடிச்சுக்கிட்டாக."

அந்த வசுமதி ஒரு நாள் எங்கள் கடைக்கே வந்து மாமனாருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். விஷயம், கரடிச்சோலை. மாமாவும் செல்லத்துரை அண்ணாச்சி என்ற வியாபாரியும் இன்னும் சிலரும் கூட்டாக வைத்திருந்த தோட்டம் அது. ஏலச்செடி வெயில் தாங்காது; பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். மழைக்கு முன்னால் நிழல் கூடின மரங்களில் கிளை கழிப்பார்கள். கவாத்து என்று பெயர். மரத்தை வெட்டத்தான் தடை. கிளை கழிக்கத் தடையில்லை. அதனால் கிளை கழிக்கிற சாக்கில் மரத்தின் தலையையே கழித்துவிடுகிற கெட்டிக்காரத்தனம் மலையில் பரவிக்கொண்டிருந்த சமயம். வெயில் தாங்குகிற புதுச் செடி வேறு வந்திருந்தது.

"அண்ணே, கரடிச்சோலையில கவாத்துக்கு ஆள் ஏத்தப் போறீகளாமே?"

"நெழல் கூடிப்போச்சும்மா. புதுச் செடிக்கு வெளிச்சம் வேணுங்கிறாக."

"கெளையைக் கழிங்க, வேணாங்கல. பக்கத்துத் தோட்டத்துல கழிச்ச லெச்சணத்தைப் பாத்தீகளா? ஒவ்வொண்ணும் கொடிக்கம்பம் மாதிரி நிக்கிது. கரடிச்சோலை ஓடைத் தண்ணிதான் கீழ சிலமலைக்காரக கெணத்துக்கு ஊத்து. மரம் போனா ஓடை போகும். ஓடை போனா அவுக எங்க போவாக?"

மாமா கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொந்த ஊர் சிலமலை.

"ஒண்ணு செய்யுங்கம்மா" என்றார் கடைசியில். "சங்கத்துல உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறோம். நீங்க பேசுங்க. பேசி முடிச்சதும் நான் எந்திரிச்சு, கரடிச்சோலை மரத்துல தலை வெட்ட மாட்டோம்னு மைக்குல சொல்லிடுறேன். தனியாச் சொன்னா என் கூட்டாளிக கேக்க மாட்டாக. மேடையில சொல்லிட்டா மீற முடியாது."

எங்கள் ஊரில் அது உண்மை. கடையில் சொன்ன வார்த்தையை மாற்றலாம், வீட்டில் சொன்னதை மாற்றலாம். மாலை மரியாதையோடு மேடையில் சொன்னதை மாற்றினால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. வசுமதி கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு சோலையின் உயிர் அந்த விழாவில் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

"மாலை உம்பொறுப்பு மாப்ளே" என்றார் மாமா. "மொதத் தரக் காயாப் பாத்து எடு. ஒண்ணுபோலப் பச்சையா இருக்கணும்."

போடியில் யாரைப் பாராட்டினாலும் ஏலக்காய் மாலைதான். கடையிலேயே மூட்டை மூட்டையாக நல்ல காய் இருந்தது. ஒரு கூடை அள்ளினால் முடிந்தது சோலி. ஆனால் நான் எம்.ஏ. ஆயிற்றே, யோசித்தேன். மாமனாரிடம் ஒரு தடவையாவது 'சிக்கனக்காரன்' என்று பேர் வாங்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

அப்போதெல்லாம் காயை ஏலம் விடுவது கம்ப்யூட்டரில் நடக்காது. மாதிரிக் காயைத் தட்டில் வைத்துச் சுற்றி விடுவார்கள். வியாபாரி ஒரு பிடி அள்ளுவார், உருட்டுவார், உடைத்து முகர்வார், மிச்சத்தைத் தரையில் விட்டெறிவார். கையில் எடுத்ததைத் திரும்பத் தட்டில் போடுவது கௌரவக் குறைச்சல். மதியத்துக்குள் தரை முழுக்க ஏலக்காய் பரவிக் கிடக்கும். நடந்தால் காலடியில் நறநறவென்று நொறுங்கும். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இன்றைக்குத் திரையில் எண் ஓடுகிற ஹாலுக்குப் போனால் ஏதோ பேங்குக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

அந்தத் தரைக் காயைக் கூட்டி அள்ளி மாலை கட்டுவது என்று முடிவு செய்தேன். மிதிபடாததாகப் பொறுக்கினேன். ஆனால் எல்லா மலைக் காயும் கலந்து கிடந்தது. ஒன்று பச்சை, ஒன்று வெளிறல், ஒன்று வைக்கோல் நிறம். மாமா சொன்ன 'ஒண்ணுபோல' இல்லை.

எங்கள் தொழிலில் 'கலர் கொடுப்பது' என்று ஒரு காரியம் உண்டு. யாரும் செய்வதில்லை, எப்படிச் செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. மிட்டாய்க் கடையில் அல்வாவுக்குப் போடுகிற பச்சைப் பொடியை வாங்கி, குடோனுக்குப் பின்னால் ஒரு பக்கெட்டில் கரைத்தேன். எவ்வளவு போட வேண்டும் என்று யாரைக் கேட்பது? முழு டப்பாவையும் கொட்டினேன். ஊறப்போட்டு, கம்பால் கிளறி, எடுத்துச் சாக்கில் பரப்பினேன். சாரல் காலம், வெயில் இல்லை. டேபிள் ஃபேனை வைத்தேன். கரண்ட் போனது. விசிறியால் விசிறினேன். (முதுகலைப் பட்டதாரி, ஏலக்காய்க்கு விசிறிய காட்சி.)

காய் என்னவோ கிளிப் பச்சையாகத்தான் வந்தது. மாலை கட்டின பூக்கடை மாயாண்டி அண்ணன்தான் விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னா மாப்ளே, காய் வெரல்ல ஒட்டுது?"

"புதுக் காய்ண்ணே. பச்சை சாஸ்தி."

"நம்ம மல்லிகையும் புதுசாத்தான் வருது. வெள்ளை வெரல்ல ஒட்டுனதில்லையே."

"உங்க சோலியைப் பாருங்கண்ணே" என்றேன்.

விழாவன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் சாந்தா, புதுப் பட்டுச் சேலையில். ஒரு பெண்ணுக்கு ஆண்பிள்ளை மேடையில் மாலை போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கையில் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், அல்லது ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். அன்று போட வேண்டியவள் சாந்தா. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாலையைப் போட்டதும் என்ன சொல்லுவது என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசுமதி இளம்பச்சைக் கைத்தறிச் சேலையில் வந்தார். முன்வரிசைப் பெண்கள் சேலையைத் தொட்டுப் பார்த்தபோது, "இலைச் சாயம்மா. அவுரியும் மஞ்சளும். மருந்துச் சாயம் போட்டா அந்தக் கழிவு ஆத்துக்குத்தானே போகுது, அதான் இது" என்று சொன்னார். எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

தட்டில் மாலையோடு மேடை ஓரம் நின்றேன். காற்றில் ஈரம். தட்டுக்கு அடியில் ஏதோ பிசுபிசுத்தது. பார்த்தால் என் விரல் பச்சை. அந்தச் சமயம் சாந்தா சிரித்த முகத்தோடு படியேறி வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

அவளிடம் கொடுத்தால் பட்டுச் சேலை போய்விடும். பட்டு பாழானால் என்ன ஏது என்று நோண்டுவாள். நோண்டினால் குடோன் பக்கெட் வரை போவாள். இவ்வளவையும் அரை நொடியில் யோசித்த என் மூளை, அதற்கு மேல் ஓடவில்லை.

"நீ இரு" என்றேன். மாலையைத் தூக்கினேன். நேராகப் போய் வசுமதியின் கழுத்தில் நானே போட்டுவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு விசில். அதன் பிறகு விசிலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "எம்.ஏ. மாப்ளே, தாலி எங்க?" என்று ஒருவர் கத்தினார். மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சாந்தா நீட்டின கையோடு அப்படியே நின்றாள்.

வசுமதி நடிகை அல்லவா, சமாளித்துவிட்டார். சிரித்து, கும்பிட்டு, மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். நன்றாகப் பேசினார். சின்ன வயதில் கரடிச்சோலை வழியாகப் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். நடுப்பகலில்கூட அந்த வழியில் குளிரும் என்றும், மட்டம் போடுகிற நாளில் மரத்தின் பொந்தில் சிலேட்டை ஒளித்து வைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். விசிலடித்தவர்களே வாயை மூடிக் கேட்டார்கள். செல்லத்துரை அண்ணாச்சிகூடக் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். மாமா துண்டைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானார்.

அப்போது சாரல் அடித்தது.

மலையிலிருந்து திடீரென்று இறங்கும் சாரல். பந்தல் ஓலைக்குள் புகுந்து பக்கவாட்டில் அடிக்கும். மாலை நனைந்தது. முதலில் ஒரு சொட்டு. பிறகு கோடாக. வசுமதி பேசிக்கொண்டே மார்பிலிருந்த மாலையை ஒதுக்கி, அதே கையால் முகத்தைத் துடைத்தார். நெற்றி பச்சை. மறுபடி துடைத்தார். கன்னம், மூக்கு, மோவாய் எல்லாம் பச்சை. அவருக்குத் தெரியவில்லை. "ஒரு மரம் நம்மகிட்ட என்ன கேக்குது?" என்று உருக்கமாகக் கேட்டபோது அவரே ஒரு மரம் மாதிரித்தான் இருந்தார்.

முதலில் சிரித்தது செல்லத்துரை அண்ணாச்சி. "அம்மா, பச்சை பச்சைன்னு சொல்லி நீங்களே பச்சையாயிட்டீக!" என்றார். பந்தலே குலுங்கியது. சாரல் மழையானது. ஆட்கள் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மைக்கை அணைத்துவிட்டார்கள். எழுந்த மாமா, பேசாமலே உட்கார்ந்தார்.

மேடை ஓரத்தில் நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெரிய மனிதர்கள் கும்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் குடையோடு வந்துவிட்டார்.

"சார், மாலையில சாயமா?"

செல்லத்துரை அண்ணாச்சியின் சிரிப்பு சட்டென்று நின்றது. என் காதருகே வந்து, "போடிக் காயில சாயம்னு பேப்பர்ல வந்துச்சு, வடக்க இருந்து ஒருத்தன் சரக்கு எடுக்க மாட்டான். பாத்துப் பேசு" என்றார்.

நான் பார்த்துத்தான் பேசினேன். "மாலையில ஏதுங்க சாயம்? அம்மா கட்டியிருக்கிறது இலைச் சாயச் சேலை. நனைஞ்சா போகத்தானே செய்யும். மாலை போடும்போது என் கையிலகூட ஒட்டிருச்சு, பாருங்க" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன்.

வசுமதி பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார். குனிந்து மாலையைப் பார்த்தார். பிறகு பச்சை முகத்தோடு, அந்தப் பழைய சிரிப்போடு, "ஆமாங்க, சேலைதான். மழைன்னு தெரியாமக் கட்டிட்டு வந்துட்டேன்" என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தா ஒரே கேள்விதான் கேட்டாள். "மாலை கழுத்துல விழுகும். ஒங்க கை எப்படிச் சேலைக்குப் போச்சு?"

உண்மையைச் சொன்னால் மாமனார் வரை போகும். பொய்யைக் காப்பாற்றினால் கை சேலைக்குப் போயிருக்க வேண்டும். கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவள் மாசக்கணக்கில் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் சத்தமாக வைத்தாள்.

'மேடையில் பச்சையான நடிகை' என்று பேப்பரில் வந்தது. "நனைஞ்சா நிக்காத சாயத்தைக் கட்டிக்கிட்டு நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டாக" என்றார்கள் கூட்டாளிகள். மாமா மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை. எனவே எதற்கும் கட்டுப்படவில்லை. அந்த வாரமே கரடிச்சோலைக்கு ஆள் ஏறினார்கள். பிறகு ஒருமுறை கணக்குப் பார்க்கப் போனேன். நின்ற மரம் ஒன்றுக்கும் தலை இல்லை. வெயில் நேராகத் தரையில் விழுந்து கண் கூசியது. மறுகோடையில் மரங்கள் பட்டுப்போயின. அதற்கடுத்து ஓடை வற்றியது. சிலமலையில் மாமாவின் அண்ணன் கிணற்றை ஆழப்படுத்தினார். மாமா அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. என் கையை மட்டும் சில சமயம் பார்ப்பார்.

மாமா காலமாகும் வரை என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கரடிச்சோலையில் அவர் பங்கு சாந்தாவுக்கு வந்தது. நானும் கடையை விட்டு ஒதுங்கினேன். அதன் பிறகுதான் ஒரு நாள் வசுமதியைப் பார்க்க மலைக்கு ஜீப் ஏறினேன். வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க அந்த சேலைக்காரருதானே?"

"யாருடீ?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நம்ம வசுமதி சேச்சிக்கு மேடையில மாலை போட்டாரே, அவருதான்டீ! வயசாயிருச்சு பாவம். இன்னும் மறக்க முடியல போல."

ஜீப்பே சிரித்தது. வழியெல்லாம் எனக்கு நடுவில் நல்ல இடம் கொடுத்தார்கள்.

வசுமதி நாற்றுகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: தரைக் காய், அல்வாப் பச்சை, பொய். அவர் மண் அள்ளுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. அது நான் எத்தனையோ வருஷம் கட்டித் துவைச்ச சேலை. போறதுக்கு அதுல சாயமே கெடையாது."

"அப்ப ஏம்மா சேலைதான்னு சொன்னீக?"

"மாலைன்னு சொல்லியிருந்தா காய் வெலை என்ன ஆகியிருக்கும்? வெலை விழுந்தா முதல்ல யாரை நிறுத்துவாக? காய் பறிக்கிறவளை. எங்க ஆத்தா அப்படி நின்னதை நான் பாத்திருக்கேன்." கையைத் தட்டிக்கொண்டார். "அதான் நடிச்சேன். நான் நடிச்சதுலயே நல்ல நடிப்பு அதுதான். ஒரு பய அவார்டு குடுக்கல."

நான் அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் சிரித்தபடி காத்திருந்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"என் சேலையை விடுங்க. கரடிச்சோலைக்கு என்ன செய்யப் போறீக? எங்கிட்டச் சொல்லி என்ன? பொய்யை எங்க சொன்னீகளோ அங்க போய்ச் சொல்லுங்க. இலைச் சாயம் நிக்காதுன்னு இந்த ஊரு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கு."

சங்கத்தின் ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். இப்போது விலை விழாது. காயைப் பரிசோதிக்க மெஷின் வந்துவிட்டது. அசிங்கம் எனக்கு மட்டும்தான். 'சீ' என்று சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

கைதட்டினார்கள்.

செல்லத்துரை அண்ணாச்சி தடியை ஊன்றி எழுந்தார். "பாத்தீகளாப்பா? அந்தம்மா மேல அவதூறு இருக்கக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இந்த வயசுலயும் என்ன ஒரு பிரியம்!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சாட்சிக்கு இருக்கட்டும் என்று மாயாண்டி அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் எழுந்து, "நான் கட்டுன மாலையில சாயமா? எங்க பரம்பரையிலேயே கெடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பொன்னாடை போர்த்தி என்னை இறக்கிவிட்டார்கள்.

இதைப் போய்ச் சொன்னபோது வசுமதி சிரித்துச் சிரித்து இருமினார். இருமல் நின்றதும், "சரி, சொல்லிப் பாத்தாச்சு. குழி தோண்டத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், குழி தோண்ட வேண்டிய இடம் கரடிச்சோலை. அதில் எங்களுக்கு உள்ளது சாந்தாவின் பங்கு. அவளிடம் கேட்டேன்.

"மாலை போட்டீக. மைக்குல பேசுனீக. இப்ப எங்கப்பா சொத்தையும் குடுக்கணுமாக்கும்?" என்றாள்.

"உண்மையைத்தான் அன்னிக்கு மேடையில சொன்னேன் சாந்தா."

"ஊரே நம்பல. நான் மட்டும் நம்பணுமா?"

மறுநாள் காலையில் அவளே ஜீப் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். அத்தனை வருஷம் கழித்துத் தன் வசுமதிக்கு எதிரில் நின்றவள், கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த எதையும் சொல்லவில்லை. நேராகக் கேட்டாள்.

"அக்கா, இவரு கை உங்க சேலையில பட்டுச்சா?"

வசுமதி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரா? கிட்ட வரவே பயந்து எட்ட நின்னு வளையம் எறியிற மாதிரி வீசுனாரு ஆத்தா. என் கம்மல்ல மாட்டிக் காது அறுந்திருக்கும். அந்தக் கையா சேலையைத் தொடும்?"

சாந்தா சிரிக்க ஆரம்பித்தாள். திரும்பி என்னைப் பார்த்து மறுபடி சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பையில் மண் நிரப்பினாள். அவர்கள் இரண்டு பேரும் படங்களைப் பற்றிப் பேசினார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அந்த வருஷத்து மழைக்காலத்திலிருந்து வருஷா வருஷம் கரடிச்சோலையில் எங்கள் பங்கில் கன்று நடுகிறோம். காட்டுப்பலா, நாவல், சண்பகம். நான் நட்டதில் பாதி பிழைக்கவில்லை. செல்லத்துரை அண்ணாச்சியின் பங்கு இன்னும் மொட்டையாகத்தான் கிடக்கிறது, ஓடையும் திரும்பவில்லை. மழை பெய்தால் ஒரு வாரம் கூடுதலாக ஈரம் நிற்கிறது என்று சிலமலையில் சொல்கிறார்கள். என் முகத்துக்காகச் சொல்கிறார்களோ என்னவோ. நடுவதைப் பார்க்கிற ஊர், "பாருய்யா, அவுகளுக்காகக் காடே வளக்குறாரு" என்கிறது. செய்த தவறுக்கு நான் படுகிற பாடெல்லாம் காதல் கணக்கில் வரவாகிக்கொண்டிருக்கிறது. மருமகன்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது சாந்தாவே, "இவரு வசுமதியம்மா ரசிகரு" என்றுதான் சொல்கிறாள்.

ஒவ்வொரு வருஷமும் நட்டு முடித்ததும் முதல் வருஷம் நட்ட நாவல் மரத்தடியில் போட்டோ எடுப்போம். வசுமதிக்கு இப்போது முட்டி வலி; நாற்காலியோடு தூக்கி வருகிறார்கள். அவருக்கும் எனக்கும் நடுவில் சாந்தா நிற்பாள். "தள்ளி நில்லுங்க" என்று எனக்குத் தனியாகச் சொல்லுவாள். இந்த வருஷப் படம் நேற்று வந்தது. இரண்டு பெண்களும் பளிச்சென்று சிரிக்கிறார்கள். என் தோளுக்கு மேலே மட்டும் கருப்பாக இருந்தது. நாவல் கிளை தாழ்ந்து, அதன் நிழல் விழுந்து, என் முகமே தெரியவில்லை.

சாந்தா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தாள். "இதுவே இருக்கட்டும். சட்டம் போட்டுருங்க" என்றாள்.